நாளை மறுநாளுக்கு மறுநாள்

லாண்ட்ரியில் துணி வாங்கிப் போடுகிறவரை அந்தத் தெருவில் எல்லோரும் நாளைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டை எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் 'நாளைக்கு' என்பார். விடாத மழையில் துணியெல்லாம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் நாளைக்குத்தான். பொய் சொல்லிப் பிழைக்கிற ஆள் இல்லை; எதிரே நிற்பவரின் முகம் தொங்கிப் போவதைப் பார்க்கச் சகிக்காதவர், அவ்வளவுதான். அந்த நல்ல குணத்தால் அவருக்கு எந்தக் காலத்திலும் எந்த லாபமும் வந்ததாகத் தெரியவில்லை.

முன்பு அவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தார். பெரிய உத்தியோகமெல்லாம் இல்லை. மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடித் திருத்துகிற வேலை. கம்பெனியை யாரோ வாங்கினார்கள், வாங்கியவர்கள் ஆட்குறைப்பு செய்தார்கள், குறைத்ததில் இவர் முதல் வரிசை. அதற்கப்புறம் ஏறி இறங்காத படி இல்லை. நாற்பதைத் தாண்டியவரை எவனும் உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் மனைவியின் தம்பிதான் தன் லாண்ட்ரியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான். "சும்மா உக்காந்திருங்க மாமா, அது போதும்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அந்த 'சும்மா' மட்டும் இவருக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

சும்மா இல்லை என்று காட்டுவதற்காகத்தான் அந்த நிரலை எழுதினார். கடையில் ரசீது அடிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அது துணி கிடைக்கும் தேதியை எண்களில் அச்சடிக்கும். வருகிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது என்னைக்கு? வியாழனா, வெள்ளியா?" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பார்கள். இவர் அதை மனிதர் பேசுகிற மாதிரி மாற்றினார். இன்று மாலை. நாளை. நாளை மறுநாள். அதற்கு அடுத்த நாளுக்கு என்ன போடுவது என்று கொஞ்சம் மண்டையைக் குடைந்துவிட்டு, வேடிக்கையாக 'நாளை மறுநாளுக்கு மறுநாள்' என்று போட்டார். ரசீதைப் படித்துவிட்டு ஜனங்கள் சிரித்தார்கள். கம்பளி போட வந்தவர்களெல்லாம், "என்னங்க, எங்க கம்பளிக்கு மட்டும் இவ்ளோ பெரிய நாளா?" என்று கேலி செய்தார்கள். வேலை போனதிலிருந்து அவர் செய்த ஒன்றைப் பார்த்து யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆள் குளிர்ந்துபோனார்.

ஒரே ஒரு தகராறு வந்தது. 'நாளை மாலை' என்று அடித்துக் கொடுத்த ரசீதை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போக, மறுநாள் அவர் மனைவி அதை எடுத்துப் பார்த்து, நாளைக்குத்தானே என்று இருந்துவிட்டாள். மனுஷருக்கு அதற்கு அடுத்த நாள் காலையில் நேர்முகத் தேர்வு. கோட்டு லாண்ட்ரியில் தொங்கியது. வந்து கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். மச்சினன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரசீதிலும் அந்த வார்த்தைக்குக் கீழே தேதியைக் கையால் எழுதிக் கொடுத்தான். "மெஷின் எழுதறத எழுதட்டும் மாமா, நான் எழுதறத எழுதிக்கறேன்" என்றான். நிரலைத் திருத்த வேண்டும் என்று இவரும் நினைத்தார். ஆனால் பேனா அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. நினைப்பு நினைப்பாகவே நின்றுபோனது.

பிறகு அந்த நிரலை இணையத்தில் போட்டார், இலவசமாக. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது சகஜம். தான் எழுதியதை எல்லோருக்கும் திறந்து வைப்பார்கள்; எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் எழுதியவரின் பெயரை எங்காவது ஒரு மூலையில் போட வேண்டும். அதுதான் வழக்கம், அதுதான் சட்டமும். இவரும் நிரலின் தலையில் நான்கு வரி எழுதினார். எழுதியது இன்னார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். கூலி வேண்டாம். இந்த வரிகளை மட்டும் அழிக்காதீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஏதாவது சந்தேகம் என்றால் கேட்கட்டுமே என்று தொடர்பு எண்ணையும் போட்டார். பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் இடம் என்பதால் லாண்ட்ரியின் போன் நம்பர்.

வருஷங்கள் ஓடின. ஒருவரும் கூப்பிடவில்லை. அவரும் மறந்துவிட்டார்.

சீருடை சலவைக்குப் போட வரும் ஒரு நர்ஸ்தான் நினைவுபடுத்தினாள். "அண்ணே, உங்க ரசீது மாதிரியே எங்க ஆப்பும் பேசுது" என்று கைபேசியை நீட்டினாள். மருத்துவமனைகளில் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற செயலி அது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டயாலிசிஸ் என்று எதற்குப் போனாலும் அதில்தான் முன்பதிவு; நர்ஸ்களுக்கு டியூட்டியும் அதிலேயே வரும். அதன் திரையில் 'உங்கள் பணி: நாளை மறுநாளுக்கு மறுநாள்' என்று இருந்தது. உலகத்தில் வேறு எந்தப் பைத்தியக்காரனும் அப்படி எழுத மாட்டான். சந்தையில் தொலைந்துபோன பிள்ளையை வேறு யாரோ கைப்பிடித்துக் கூட்டிப் போவதைப் பார்த்தது போல இருந்தது அவருக்கு.

செயலியைத் தன் கைபேசியில் இறக்கி, சந்து பொந்தெல்லாம் தேடினார். 'எங்களைப் பற்றி' என்பதற்குள் 'நன்றிகள்' என்று ஒரு பக்கம். யார் யாருடைய நிரல்களையோ எடுத்ததற்கு வரிசையாக நன்றி. எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். இவர் பெயர் இல்லை. தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"விடுங்க" என்றாள் மனைவி. "காசு குடுப்பானா? இல்லதான? வெறும் பேர வெச்சு என்ன பண்றது, நாக்கு வழிக்கவா?"

"காசு வேண்டாம்னு நான்தான எழுதுனேன். பேர் வேண்டாம்னு எழுதலையே" என்றார் இவர். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். 

அந்தக் கம்பெனிக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது முறை சட்டப் பிரிவு மேற்பார்வையாளர் என்று யாரையோ குறிப்பிட்டு எழுதிய பிறகு ஒரு பெண் போன் செய்தாள். சின்ன வயசு, தேனாகப் பேசினாள். "தவறுதலா விட்டுப்போச்சு சார், அடுத்த அப்டேட்ல கண்டிப்பா வந்துடும்" என்றாள். வரவும் செய்தது. அந்த நெடும் பக்கத்தின் ஆகக் கடைசியில், அத்தனை ஆங்கிலத்துக்கும் கீழே, அவருடைய வரிகள் மட்டும் தமிழில். எழுதியது இன்னார். கூலி வேண்டாம். லாண்ட்ரியின் போன் நம்பர். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே போட்டிருந்தார்கள். மச்சினன் கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டினான். மனைவிகூட, "முழுப் பேரா போட்டிருக்காங்களே" என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவர் நிமிர்ந்து நடந்தார். மனுஷனுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். அந்தச் செயலியில் ஏதாவது கோளாறு என்றால் யாரையும் கூப்பிட முடியாது. உதவி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்று ஒரு யந்திரம் திரும்பத் திரும்பச் சொல்லும். புரிந்துகொண்டதாகச் சொல்வதோடு அதன் கடமை தீர்ந்தது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மனிதப் பெயர், தங்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில், பக்கத்தில் ஒரு போன் நம்பர். அத்தனை பெரிய செயலியில் அழைக்கக்கூடிய ஒரே ஆள் லாண்ட்ரியில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேனுக்குக் காசு கட்டியாச்சு, நேரமே வரலைங்க."

"இது லாண்ட்ரிங்க."

"லாண்ட்ரியா? உங்க பேருதான போட்டிருக்கு?"

முதலில் ராங் நம்பர் என்று வைத்தார். பிறகு பாவமாக இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தானே கண்டுபிடித்து, கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு கையில் போன், ஒரு கையில் யாருடையதோ போர்வை. மச்சினன் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான். "கூலி வேண்டாம்னு எழுதினாலும் எழுதினீங்க, ஊரு உலகத்துக்கே வேலைக்காரனாயிட்டீங்க மாமா."

சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டார். பேர் வேண்டும் என்று கேட்டவனுக்கு வசவு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

ஒரு நாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. மூச்சுதான் வாங்கியது. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மையத்தில் மெஷின் கெட்டுப்போனதால் எல்லோருடைய நாளையும் மாற்றிப் போட்டார்கள். புது நாள் செயலியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அவருக்குத் தூக்கமே கெடையாது, சத்தம் ஆகாதுன்னு நைட்டு போன அணைச்சு வெச்சுடுவேங்க. காலைல போட்டதும் மெசேஜ் வந்துச்சு. 'நாளை காலை ஆறு மணி'ன்னு. சரி, நாளைக்குதானன்னு இருந்தேன். இன்னைக்குக் கூட்டிட்டு வந்தா, நேத்தே வந்திருக்கணுமாம். நேரம் தவறிடுச்சாம். வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். இவருக்கு மூச்சு வாங்குதுங்க."

அவர் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தார்.

"மெசேஜ் காலைலதான வந்துச்சும்மா?"

"போட்டதும் டிங்குன்னு வந்துச்சுங்க. மறுபடி எப்பன்னு கேட்டா ஆப்ல பாருங்கன்னாங்க. பார்த்தா 'நாளை மறுநாளுக்கு மறுநாள்'னு போட்டிருக்கு. அது என்னைக்குங்க? இது என்ன வார்த்தை? விளையாட்டா?"

அவருக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. செய்தியை முந்தின இரவே அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய நேரத்தில் 'நாளை' சரி. விடிந்து அவள் போனைத் திறந்தபோது அந்த நாளை, இன்று ஆகிவிட்டிருந்தது. வார்த்தை மட்டும் நாளையாகவே நின்றது. கோட்டுக்காரர் மனைவி ரசீதைப் பார்த்து ஏமாந்த அதே ஏமாற்றம். இவர் தாராளமாக ஊருக்குத் தூக்கிக் கொடுத்ததில் எல்லாம் இருந்தது, மச்சினனின் பேனாவைத் தவிர.

"அம்மா, அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. டயாலிசிஸ் விட்டுப்போச்சு, மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க. போங்கம்மா, போனை வெச்சுட்டுப் போங்க."

"நீங்க அந்தக் கம்பெனிங்களா?"

"இல்லம்மா. நான் லாண்ட்ரி" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததையும், ஆட்கள் தன்னைக் கூப்பிடுவதையும் அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார், ஒளிவு மறைவு இல்லாமல். இந்த வார்த்தையை அனுப்பும் செய்தியில் போடக் கூடாது, போட்டால் தேதியும் சேர்த்துப் போட வேண்டும், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையதும்தான் என்று எழுதி, எப்படித் திருத்துவது என்பதையும் கீழே எழுதினார். இந்தத் தடவை மூன்று முறை எழுத வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேன்குரல் பெண் இரண்டொரு நாளில் கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றி சார். உடனே சரி பண்ணிட்டோம். இப்ப தேதியோட வருது. பழைய மெசேஜுக்கும் சேர்த்து மாத்திட்டோம், குழப்பமே இருக்காது."

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா? அவங்க மேல தப்பு இல்லைன்னு?"

"அனுப்பின நேரத்துக்கு அது சரியான வார்த்தைதான சார்? எங்க பதிவுல எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றாள். "அப்புறம், நிறைய பேர் உங்களுக்குப் போன் பண்ணித் தொந்தரவு பண்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதனால உங்க நிரலை மொத்தமா எடுத்துட்டு நாங்களே புதுசா எழுதிட்டோம். உங்க பேரும் இனிமே அதுல வராது சார்."

"நான் பேரை எடுக்கச் சொல்லலையேம்மா."

"எடுத்தது உங்களுக்கும் நல்லதுதான் சார். யாராவது கேஸ் கீஸுன்னு போனா, முதல்ல எந்தப் பேர் இருக்கோ அதைத்தான் பிடிப்பாங்க" என்றாள். அதையும் தேனாகத்தான் சொன்னாள்.

போன் அடங்கிப் போனது. லாண்ட்ரியில் பழையபடி இஸ்திரிப் பெட்டியின் சீற்றம் மட்டும் கேட்டது. மனைவி பெருமூச்சு விட்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க" என்றாள்.

போகவில்லை. கணவருக்கு டயாலிசிஸ் என்று பேசினவள் மறுபடி கூப்பிட்டாள். அவருடைய எண் அவள் போனில் இருந்ததே.

கணவர் இறந்துவிட்டார். எமர்ஜென்சிக்குத்தான் கொண்டுபோனாள். அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வேறு ஒன்றுக்காகக் கூப்பிட்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட படிச்சுச் சொன்னேன் இல்லைங்க? 'நாளை'ன்னுதான இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"இப்ப பார்த்தா தேதி போட்டிருக்குங்க. அதே மெசேஜ்ல. அவரோட அண்ணன் என் போனை வாங்கிப் பார்த்தாரு. 'பளிச்சுனு தேதி போட்டிருக்கே, கண்ணு அவிஞ்சு போச்சா'ன்னு கேட்டாரு. மாமியார் என் முகத்துல முழிக்கிறதே இல்லை. புருஷனைப் பார்த்துக்கத் துப்பில்லாம கொன்னுட்டேன்னு பேசறாங்க. எனக்கே சந்தேகமா இருக்குங்க. நான்தான் தேதியைப் பார்க்காம விட்டுட்டேனா? மூளை கலங்கிப் போச்சா? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்ப தேதி இல்லைன்னு. உங்க பேருதான போட்டிருந்துச்சு, நீங்க சொன்னா நம்புவாங்க."

எதிரே மனைவி நின்றுகொண்டு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கேஸ், முதலில் எந்தப் பேர் இருக்கோ அது, என்ற குரல் காதுக்குள் ஓடியது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார்.

"அது வேற யாரோ எழுதினதும்மா. இது லாண்ட்ரி. ராங் நம்பர்."

அவள் "சரிங்க" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஆள் ஆளாக இல்லை. துணிகளை மாற்றிக் கொடுத்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தார். ஒருவர் செத்துப்போனது ஒரு பக்கம் அறுத்தது. உயிரோடிருக்கும் ஒருத்தி தன் கண்ணையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அதைவிட அறுத்தது. அதை மட்டுமாவது தன்னால் மாற்ற முடியும், தன்னால் மட்டும்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"போகப் போறேன்" என்று ஒரு காலையில் சொன்னார்.

"போய்? கையை ஓங்கினா? போலீசுக்குப் போனா?" என்றாள் மனைவி. "அதான் பேர் போயிடுச்சே, நாமளும் பேசாம இருந்துடலாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"பேர் வேணும்னு கேட்டு வாங்கினவன் நான். அந்தம்மா அதை நம்பிதான் போன் பண்ணுச்சு. இல்லைன்னு சொல்லிட்டேனே. நீயும்தான கேட்டுட்டு நின்ன?"

மனைவி அழுதாள். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு முகவரி கேட்டபோது, அவள் ஏன் என்றுகூடக் கேட்காமல் சொன்னாள். பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். மாடிப்படிகள் குறுகலான, சுவரெல்லாம் கைபட்டுக் கருத்த கட்டடம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஜன்னலோரம் நோயாளி படுத்திருந்த கட்டிலின் மெத்தையைச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். இறந்தவரின் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், கனத்த ஆள், சிவந்த கண்கள். அவர்களுடைய அம்மா தரையில் சுவரில் சாய்ந்திருந்தாள். போன் செய்தவள் சமையலறை வாசலில் நின்றாள். குரலைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள்.

நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார். அந்த வார்த்தையை எழுதியவன் நான். இவங்க படித்த அன்று அதில் தேதி இல்லை, நாளை என்றுதான் இருந்தது. கம்பெனி பிறகுதான் தேதியைச் சேர்த்தது, பழையதையும் மாற்றிவிட்டது. இவங்க சரியாகத்தான் படித்தார்கள். தப்பு என்னுடையது, அந்தக் கம்பெனியுடையது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

யாரும் எதுவும் செய்யவில்லை. அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு?"

"லாண்ட்ரில வேலை பார்க்கறேங்க."

"லாண்ட்ரி." அண்ணன் அந்த வார்த்தையை மென்று பார்த்தார். "லாண்ட்ரிக்காரன்தான் ஆஸ்பத்திரிக்கு ஆப் எழுதறானா?"

"முழுசும் இல்லைங்க. நாளைச் சொல்ற அந்த வார்த்தை மட்டும். என் பேர் போட்டிருந்தாங்க."

"எங்க போட்டிருக்கு? காட்டு."

தன் கைபேசியை எடுத்தார். 'எங்களைப் பற்றி'. 'நன்றிகள்'. பேர் போய்விட்டது என்று தெரியும். தெரிந்தும் விரல் தானாகத் தள்ளிக்கொண்டே போனது, எறும்பு எழுத்துகளைத் தாண்டித் தாண்டி. கடைசி வரிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. பெயர் வந்த அன்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. போட்ட பேர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார். இணையத்தில் தான் போட்ட நிரலைத் திறந்து காட்டினார்.

"இது உன் பேரு, சரி. இதுதான் அதுல இருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"கம்பெனில கேளுங்க..."

"கேட்டாச்சு. எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு எழுதியே குடுத்துட்டான்." அண்ணன் எழுந்தார். இவரை விட்டுவிட்டு, சமையலறை வாசலைப் பார்த்துக் கேட்டார். "எங்க பிடிச்ச இந்த ஆளை? என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த? எத்தனை நாளாப் பழக்கம்?"

"ஐயோ, இல்லைங்க, நானா வந்தேன்" என்று இவர் குறுக்கே போனார். குறுக்கே போனதே தப்பாகப் போயிற்று. தரையில் இருந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எம்புள்ள போயி மண்ணு காயல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சமையலறை வாசலில் நின்றவள் முன்னால் வந்தாள். இவர் வந்ததிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இருந்துச்சு" என்றாள். "இவர் பேரு அதுல இருந்துச்சு. கடைசில, எல்லாத்துக்கும் கீழ, தமிழ்ல. அது ஒண்ணுதான் எனக்குப் படிக்க வந்துச்சு." அவர் பெயரை, தலைப்பெழுத்தோடு, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். கூலி வேண்டாம் என்று எழுதியிருந்ததையும் சொன்னாள். "நான் என் ரெண்டு கண்ணால படிச்சேன்."

"நீ படிச்ச லட்சணம்தான் தெரியுமே" என்றார் அண்ணன்.